அங்கியைத் திருப்பிப் போட்டுவிட்டீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் சீன அரண்மனைப் பட்டு அங்கிகளைப் பற்றி அரைப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். மேலே பெரிதாக ஒரு வண்ணப்படம், அதன் கீழே 'சீனப் பேரரசரின் டிராகன் அங்கி' என்று படக்குறிப்பு. நான் கும்பகோணத்தில் 34 வருடம் தையல் வகுப்பு நடத்தியவள். பேப்பர் வந்தால் மற்றவர்கள் தலைப்புச் செய்தியைப் பார்ப்பார்கள். நான் படத்தில் இருப்பவர் என்ன உடுத்தியிருக்கிறார், எப்படித் தைத்திருக்கிறார்கள் என்றுதான் பார்ப்பேன். அது ஒரு வியாதி, இனிமேல் போகாது. அன்றைக்கும் காபி ஆறிப்போவது தெரியாமல் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ உறுத்தியது, என்னவென்று பிடிபடவில்லை. பத்து நிமிடம் கழித்துத்தான் தெரிந்தது. பொத்தான் தப்பான பக்கத்தில் இருக்கிறது!

படத்தை இடவலம் மாற்றி அச்சடித்திருக்கிறீர்கள்.

இதற்கா ஒரு கடிதம் என்று சிரிக்க வேண்டாம். சட்டைக்கு எந்தப் பக்கம் காஜா, எந்தப் பக்கம் பொத்தான் என்பது வகுப்பில் சேர்ந்த முதல் வாரமே நான் சொல்லிக்கொடுக்கிற பாடம். ஆண்கள் சட்டையில் ஒரு பக்கம், பெண்கள் சட்டையில் மறுபக்கம். மாற்றித் தைத்தால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார், அவ்வளவுதான். சீனாவில் விஷயம் அவ்வளவோடு நிற்காது. அந்த அங்கியில் இடது முன்பாகம் மார்பின் குறுக்கே போய் வலது அக்குளுக்குக் கீழே குமிழ்ப் பொத்தானில் மாட்டும். அங்கிருந்து வலது விலா ஓரமாகவே கீழே இறங்கும். எதிரே நின்று பார்க்கிற நமக்கு அந்த வளைவு நம் இடது கைப்பக்கம் தெரிய வேண்டும். உங்கள் படத்தில் வலது கைப்பக்கம் தெரிகிறது. வலது பக்கம் மூடுவது நாகரிகமான மனிதனின் உடை, இடது பக்கம் மூடுவது எல்லைக்கு அப்பாலிருக்கும் காட்டுமிராண்டிகளின் உடை என்பது சீனர்களின் பழங்கணக்கு. குவான் சோங் என்ற அமைச்சர் மட்டும் இல்லாமல் போயிருந்தால் நாமெல்லாம் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு இடது பக்கம் மூடும் உடையில் திரிந்துகொண்டிருப்போம் என்ற கருத்தில் கன்பூசியஸே சொல்லியிருக்கிறார். இன்னொன்றும் உண்டு. இறந்தவருக்கு உடுத்தும்போது இடது பக்கம் மூடுவது அவர்களின் பழைய வழக்கம். ஆக, அந்தப் பெரிய மனிதருக்கு நீங்கள் பிணத்துணி உடுத்தி அரைப்பக்கத்துக்கு நிறுத்திவிட்டீர்கள்.

சரி, அடுத்தது படக்குறிப்பு. அது பேரரசரின் அங்கிதானா?

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பெண்ணுக்குப் பிரசவம் பார்க்க லண்டன் போயிருந்தேன். ஆறு மாதம். குழந்தை தூங்கவே தூங்காது, தள்ளுவண்டியில் போட்டு எங்கேயாவது தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். வெளியே குளிர். விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குள் நுழைய டிக்கெட் கிடையாது, உள்ளே கதகதப்பாக இருக்கும். முதல் நாள் பேரனைத் தூங்க வைக்கப் போனேன். அதற்குப் பிறகு போனதெல்லாம் எனக்காக. சீனக் கூடத்தில் கண்ணாடிக்குள் ஒரு டிராகன் அங்கி. பட்டு மங்கிவிடக் கூடாது என்று விளக்கைக் குறைத்தே வைத்திருப்பார்கள். இருட்டில் மூக்கு கண்ணாடியில் ஒட்டுகிற அளவுக்கு நின்று பார்ப்பேன். அங்கிருந்த காவலாளி முதலில் சந்தேகமாகப் பார்த்தார், நாலாவது தடவை போனபோது தலையாட்டினார். அப்புறம் பெண்ணின் வீட்டுப் பக்கத்து நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் அவள் துணையோடு படித்தேன்.

சிங் வம்சம் 1644-இலிருந்து 1912 வரை சீனாவை ஆண்டது. அவர்கள் மஞ்சுக்கள், வடக்கே குதிரை ஏறிப் பழகியவர்கள். உடையிலும் அது தெரியும். கைமுனை குதிரைக் குளம்பு மாதிரி வளைந்து விரல்களை மூடும். குளிரில் கடிவாளம் பிடிக்கிற கைக்காக வந்த அமைப்பு அது. ஆண்களின் அங்கியில் முன்னும் பின்னும் நடுவில் ஸ்லிட், சேணத்தில் உட்கார வசதியாக. பெண்களுக்குப் பக்கவாட்டில். கட்டிங் முழுக்க மஞ்சு, மேலே இருக்கிற சித்திரமெல்லாம் சீனாவின் பெரும்பான்மை மக்களான ஹான் சீனர்களின் பழைய சம்பிரதாயம். சியான்லோங் பேரரசர் 1759-இல் யார் எந்த நிறம், எந்தச் சின்னம், எந்தப் பருவத்தில் எந்தத் துணி என்று படம் போட்டு விதியே எழுதவைத்தார். 1766-இல் அது அச்சிலும் வந்தது.

அந்த விதிப்படி பளிச்சென்ற மஞ்சள் பேரரசருக்கும் பேரரசிக்கும் ராஜமாதாவுக்கும் உரியது. பட்டத்து இளவரசருக்கு ஆப்ரிகாட் பழ மஞ்சள், மற்ற இளவரசர்களுக்குப் பொன்மஞ்சள். அதற்குக் கீழே இருப்பவர்களுக்கு நீலம், கருநீலம். நீங்கள் போட்ட அங்கி கருநீலம். பேரரசர் நீலமே உடுத்த மாட்டாரா என்றால், உடுத்துவார். வானத்துக்குப் பூசை செய்கிற நாளில் நீலம், சூரியனுக்குச் செய்யும்போது சிவப்பு, நிலாவுக்கு வெளிர்நீலம். ஆனால் நிறம் எதுவானாலும் அவர் அங்கியில் பன்னிரண்டு சின்னங்கள் இருக்க வேண்டும். இடது தோளில் சூரியன், அதற்குள் ஒரு பறவை. அவர்கள் கதையில் அதற்கு மூன்று கால். வலது தோளில் நிலா, உள்ளே ஒரு முயல் உரலில் மருந்து இடித்துக்கொண்டிருக்கும். நிலாவில் இருக்கிற கறையை முயற்கறை என்று நாமும்தான் சொல்கிறோம், நம் முயல் சும்மா உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். கழுத்துக்குக் கீழே முன்பக்கம் மூன்று நட்சத்திரங்கள், முதுகில் மலை. இடுப்பு உயரத்திலும் முழங்கால் உயரத்திலும் மீதி எட்டு: இரட்டை டிராகன், வண்ணக்கோழி, கோடரி, அம்பு விடுகிற வில் இரண்டை முதுகோடு முதுகு வைத்த மாதிரி ஒரு குறி, பூசைக் கிண்ணங்கள், நீர்ப்பாசி, நெருப்பு, தானியம். கோடரி தண்டிக்கும் அதிகாரம், தானியம் குடிகளுக்குச் சோறு போடும் கடமை, பாசி தூய்மை. உள்ளங்கை அளவுகூட இருக்காது ஒவ்வொன்றும். மேகத்துக்கு நடுவே தேடினால்தான் கிடைக்கும்.

உங்கள் படத்தில் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். சூரியனும் இல்லை, நிலாவும் இல்லை, கோடரியும் இல்லை. அது பேரரசரின் அங்கி அல்ல. ஒரு பிரபுவோ பெரிய அதிகாரியோ அரண்மனை விழாவுக்கு உடுத்தியது.

'டிராகனுக்கு ஐந்து நகங்கள் இருப்பதால் இது அரசருடையது என்று அறியலாம்' என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். விதி அப்படித்தான் ஆரம்பித்தது. ஐந்து நகம் இருந்தால் 'லோங்', நான்கு நகம் இருந்தால் 'மாங்', இரண்டுக்கும் பெயரே வேறு. ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் விதி தளர்ந்து, அதிகாரிகளின் அங்கிகளிலெல்லாம் ஐந்து நகம் சாதாரணமாகிவிட்டது. விதி இறுக்கமாக இருந்த காலத்தில் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பேரரசரே ஒருவருக்கு ஐந்து நக அங்கியைப் பரிசாகக் கொடுத்தாலும், அதை உடுத்துவதற்கு முன் ஒவ்வொரு காலிலும் ஒரு நகத்தைப் பிரித்துவிட வேண்டுமாம். பிரித்த தடம் தெரிகிற அங்கிகள் இன்றைக்கும் இருக்கின்றன. பட்டில் ஒரு தரம் ஊசி இறங்கினால் அந்தத் துளை லேசில் மறையாது. ஜாக்கெட்டைப் பிரித்துத் தைக்கச் சொல்லி வருகிறவர்களிடம் நான் வருடக்கணக்காகச் சொல்லி வந்த விஷயம் இது. மரியாதைக்காக ராஜ உடை, அடக்கத்துக்காக அதில் ஊசித்துளை!

கட்டுரை அந்த அங்கிக்கு 300 வயது என்கிறது. அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை. அங்கியின் அடிப்பகுதியில் பல நிறத்தில் சாய்வாகக் கோடு கோடாக இருக்கிறதே, அது நிற்கும் நீர், அதாவது கடல். அதன் மேல் அலை சுருள் சுருளாகப் புரளும், அலைக்கு நடுவிலிருந்து நான்கு திசைக்கும் மலைப்பாறை எழும், அதற்கு மேல் மேகமும் டிராகனும். கழுத்து வானத்தின் வாசல், அதிலிருந்து மனிதனின் தலை வெளியே வரும். ஆக, உடுத்தியவர் முழு உலகத்தையும் போர்த்திக்கொண்டு நிற்கிறார். பழைய அங்கிகளில் இந்தக் கோட்டுப் பட்டை குட்டையாக இருக்கும். காலம் போகப் போக உயர்ந்துகொண்டே வந்தது. உங்கள் படத்தில் அது முழங்கால் வரைக்கும் ஏறியிருக்கிறது. கோடுகளுக்கு நடுவே கண்ணைப் பறிக்கிற ஊதா வேறு. அச்சு நிறத்தை முழுசாக நம்ப முடியாதுதான், ஆனாலும் அந்த மாதிரி ஊதாவைப் பார்த்தால் ரசாயனச் சாயமோ என்று சந்தேகம் வரும். ரசாயன ஊதாவை 1856-இல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற 18 வயதுப் பையன் கண்டுபிடித்தார். அது சீனத்து நூலுக்கு வந்தது அதற்கும் பிறகு. பட்டையின் உயரத்தை வைத்துப் பார்த்தாலே 19-ஆம் நூற்றாண்டின் கடைசி என்று நினைக்கத் தோன்றுகிறது. வயது குறைந்தால் அங்கிக்கு என்ன கேவலம்?

இப்போது வேலைப்பாட்டுக்கு வருகிறேன். கட்டுரையில் நாலு வரிதான் இருந்தது, அதிலும் ஒன்று கதை. அந்தக் கதையை அப்புறம் சொல்கிறேன்.

லண்டனில் நான் பார்த்த அங்கியில் மார்பு டிராகன் நேராக நம்மைப் பார்க்கும். அதன் இரண்டு கண்ணுக்கும் நடுவே, மூக்கின் மேலேயே ஒரு ஜாயின்ட் ஓடுகிறது. இரண்டு தறி அகலத் துணியை நடுவில் இணைத்துத்தான் அங்கி. முதலில் வெட்டாத துணியில் அங்கியின் வடிவத்தையும் சித்திரத்தையும் வரைவார்கள். பிரேமில் இழுத்துக் கட்டி எம்ப்ராய்டரி போடுவார்கள். வேலை முடிந்த பிறகுதான் கத்தரியும் தையலும். அப்படியென்றால் டிராகனின் பாதி முகம் ஒரு துணியில், மறுபாதி இன்னொரு துணியில். கடைசியில் இணைக்கும்போது இரண்டு மீசையும் ஒரே உயரத்தில் வர வேண்டும், மூக்கு கோணக்கூடாது. முதுகில் ஒரு ஜோடி மயிலை ஆரி வேலையில் போட்டுவிட்டு, நடுவில் ஊக்குப் பட்டி வைத்துத் தைக்கும்போது இரண்டு அலகும் முட்டாமல் ஒன்று மேலே ஒன்று கீழே நிற்கிற அவஸ்தையைப் பட்டவர்களுக்கு இது புரியும். அந்த டிராகனின் மூக்கு நூலிழை பிசகாமல் சேர்ந்திருந்தது. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

தங்க இழையும் நம் ஜரிகை மாதிரி இல்லை. காஞ்சிபுரத்து ஜரிகை சிவப்புப் பட்டு இழையின் மேல் வெள்ளித் தகடு சுற்றி மேலே தங்க முலாம் ஏற்றியது. அவர்களுடையது தங்க ரேக்கு ஒட்டிய காகிதத்தை மெல்லிய நாடாவாக நறுக்கிப் பட்டு இழையின் மேல் சுற்றியது. ஆமாம், காகிதம். ஊசியில் கோத்துத் துணிக்குள் இழுத்தால் பிய்ந்துவிடும். அதனால் துணியின் மேலேயே இரண்டிரண்டு இழையாகப் படுக்க வைத்து, வேறொரு மெல்லிய பட்டு நூலால் இடையிடையே குட்டித் தையல் போட்டுப் பிடிப்பார்கள். டிராகனின் செதில் ஒவ்வொன்றும் அப்படி வளைத்து வளைத்துப் பிடித்தது. நான் பார்த்த அங்கியில் வால் பக்கம் ஓர் இடத்தில் தங்கம் உதிர்ந்து உள்ளே இருந்த வெறும் நூல் மஞ்சளாகத் தெரிந்தது. பத்து தடவை போயிருந்தால் எட்டு தடவை அந்த இடத்தைத்தான் பார்த்திருப்பேன்.

இப்போது கதை. முடிச்சுத் தையல் ஒன்று உண்டு, நம் வகுப்பில் பிரெஞ்ச் நாட் என்று சொல்லிக்கொடுப்போமே, அதற்குச் சொந்தக்காரத் தையல். கடுகு மாதிரி பொடிப் பொடி முடிச்சாகப் போட்டு முழு இடத்தையும் நிரப்புவார்கள். இதைப் போட்டுப் போட்டுப் பெண்களுக்குக் கண் போனதால் அரசரே தடை செய்துவிட்டார், அதனால் அது 'விலக்கப்பட்ட தையல்' என்று உங்கள் கட்டுரை சொல்கிறது. அப்படி ஒரு தடை இருந்ததற்குச் சான்று எதுவும் கிடையாது. பழம்பொருள் விற்கிறவர்கள் விலை ஏற்றச் சொன்ன கதை. தடை செய்த தையல் என்றால் அது ஏன் பைகளிலும் பட்டைகளிலும் காலணிகளிலும்கூட அவ்வளவு மலிந்து கிடக்கிறது? கண் வலிக்கும் என்பது மெய். எனக்கே நாற்பது வயதில் கண்ணாடி வந்தது. ஆனால் என் கண்ணைப் பற்றி எந்த ராஜாவும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

அந்த வேலையைச் செய்தவர்கள் யார் என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். பெய்ஜிங்கில் அரண்மனை ஓவியர்கள் மாதிரி வரைந்து, ஒப்புதல் வாங்கி, தெற்கே அனுப்புவார்கள். நான்ஜிங், சூசோ, ஹாங்சோ மூன்று ஊரிலும் அரசாங்கப் பட்டு நெசவுக்கூடங்கள் இருந்தன. ஊடையை மட்டும் நிறம் நிறமாக மாற்றிச் சித்திரத்தைத் தறியிலேயே நெய்கிற 'கெசி' என்ற நெசவும் உண்டு. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் உங்கள் பக்கம் போதாது. அங்கிகளில் சூரியன் இருக்கிறது, நிலா இருக்கிறது, தைத்தவள் பெயர் மட்டும் இருக்காது.

மேகங்களுக்கு நடுவே சிவப்பாகப் பறப்பவற்றைக் கட்டுரையாளர் 'வண்ணத்துப்பூச்சிகள்' என்று எழுதிவிட்டார். ஐயா, அவை வௌவால்கள். நமக்கு வீட்டுக்குள் வௌவால் புகுந்தாலே ஆகாது என்பார்கள். சீன மொழியில் வௌவாலுக்கும் நற்பேற்றுக்கும் ஒரே ஒலி, 'ஃபூ'. சிவப்பு வௌவால் என்று சொன்னால் 'பெரும் பேறு' என்றும் காதில் விழும். அதனால்தான் சிவப்பு. சிலேடையைக் காளமேகம் பாட்டில் வைத்தார், இவர்கள் ஊசியால் தைத்துவிட்டார்கள். அலைகளுக்கு நடுவே மிதப்பவற்றையும் கொஞ்சம் உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். பல அங்கிகளில் சங்கு, சக்கரம், குடை, தாமரை, இரட்டை மீன் எல்லாம் இருக்கும். நம் கோயில் சுவரைப் பார்த்த மாதிரி இருக்கிறதே என்று திகைத்தேன். பௌத்தத்தோடு இந்தியாவிலிருந்து போன எட்டு மங்கலப் பொருட்கள் அவை.

இதைவிட ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. அங்கியில் டிராகன்கள் ஒன்பது. மார்பு, முதுகு, இரண்டு தோள், முன்கீழே இரண்டு, பின்கீழே இரண்டு, ஆக எட்டு. ஒன்பதாவது எங்கே? மேலே மூடுகிற முன்பாகத்தைத் தூக்கினால் உள்மடிப்பில் இருக்கிறது. யார் கண்ணிலும் படாது. அப்படி வைத்தால்தான் முன்னாலிருந்து பார்த்தாலும் பின்னாலிருந்து பார்த்தாலும் ஐந்து தெரியும்; ஒன்பதும் ஐந்தும் சேர்ந்தால் அது அரச எண். சரி, அந்த ஐந்துமாவது வெளியே தெரியுமா என்றால் அதுவும் இல்லை. அரண்மனைக்குப் போகும்போது இதன் மேலே கருநீலத்தில் இன்னொரு கோட்டைப் போட்டுக்கொள்வார்கள். மார்பு டிராகன், தோள் டிராகன் எல்லாம் உள்ளே போய்விடும். வெளியே தெரிவது அடியில் கொஞ்சம் கடலும், கையில் அந்தக் குளம்பும்தான்.

அந்த மேல்கோட்டில் மார்பிலும் முதுகிலும் ஒரு சதுரம் தைத்திருப்பார்கள். பதவிச் சின்னம். சிங்குக்கு முந்தைய மிங் வம்சத்தில் 1391-இல் வந்த ஏற்பாடு. எழுத்துப் பணி அதிகாரிகளுக்குப் பறவை, படை அதிகாரிகளுக்கு விலங்கு. முதல் படியில் பெரிய கொக்கு (ஆங்கிலத்தில் கிரேன்), மூன்றாவதில் மயில், கடைசி ஒன்பதாவது படிக்கு நீண்ட வாலுள்ள ஈப்பிடிப்பான். நம் தோப்புகளில் அரசவால் ஈப்பிடிப்பான் என்று ஒன்று வருமே, அதன் இனம். நமக்கு அரசன், அங்கே கடைநிலைக் குமாஸ்தா. கணவரின் சதுரத்தையே மனைவியும் அணிவார், ஆனால் பெரும்பாலும் இடவலம் மாற்றி. இருவரும் பக்கத்தில் உட்காரும்போது இரண்டு பறவையும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக. இடவலம் மாறினால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை வைத்தே கணவனா மனைவியா என்று சொன்ன ஊர் அது.

'பேரரசரின் அங்கி' என்ற சொல்லை நான் இவ்வளவு பிடித்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. 1912-இல் அரசு போன பிறகு பிரபுக் குடும்பங்கள் பெட்டியைத் திறந்து அங்கிகளை விற்றுத்தான் சாப்பிட்டார்கள். வாங்கிய வெளிநாட்டவர்களில் பலர் அவற்றை வெட்டி மெத்தை உறையும் மேசை விரிப்பும் ஆக்கினார்கள். முழுசாகத் தப்பியவற்றை விற்கும்போது எல்லாமே ராஜா உடுத்தியது என்று சொன்னால்தான் விலை. அந்தப் பொய் இன்றைக்கும் ஏல விளம்பரங்களில் உலவுகிறது. பேப்பரில் வந்துவிட்டால் பொய்க்கும் ஒரு மரியாதை வந்துவிடும். பெயர் தெரியாத ஓர் அதிகாரியின் அங்கி என்று போட்டிருந்தாலும் நான் அதே பத்து நிமிடம் பார்த்திருப்பேன்.

அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். நாலு வரி போதும், பேரரசர் இல்லை, வண்ணத்துப்பூச்சி இல்லை, படம் இடவலம் மாறிவிட்டது என்று. படத்தை மறுபடி அச்சடிக்க இடம் இல்லையென்றாலும் பரவாயில்லை, பழைய பக்கத்தை எடுத்துக் கண்ணாடி முன்னால் பிடித்துப் பார்க்கச் சொல்லி வாசகர்களுக்கு எழுதிவிடுங்கள். நான் பீரோ கண்ணாடியில் அப்படித்தான் பார்த்தேன். பொத்தான் சரியான பக்கத்துக்கு வந்துவிட்டது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை ஒருத்தி,
கும்பகோணம்.